வீட்டுச் செபமாலை 12 நிமிடத்தில் ஓடி முடிந்துவிடுகிறது. எங்கே திருத்துவது?

மாலைமணி:

மரியே வாழ்க! எங்கள் வீட்டில் தினமும் இரவு 8.30க்குச் செபமாலை. மாமியார், கணவர், நான், 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். விசுவாசப் பிரமாணத்தில் தொடங்கி, முடிவில் மாதாவை நோக்கிச் சொல்லும் கிருபை தயாபத்து வரை 12 நிமிடம்தான். அதற்கப்புறம் மாதா மன்றாட்டுமாலை, சூசையப்பர் செபம், அந்தோனியார் செபம், இறந்தவர்களுக்கான செபம் என்று இன்னொரு கால் மணி நேரம். வாய் ஓடுகிறது, மனம் எங்கேயோ நிற்கிறது. நான்காம் பத்துமணியின் (பத்து அருள் நிறைந்த மந்திரம் கொண்ட பகுதி) நடுவில் நிறுத்தி, இது எந்த மறையுண்மை (அந்தப் பகுதியில் தியானிக்க வேண்டிய இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சி) என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

அருள் நிறைந்த மந்திரத்தை மாமியார் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்ற பழைய பாடத்தில் சொல்வார். பிள்ளைகள் மறைக்கல்வியில் படித்தது "அருள் நிறைந்த மரியே". ஒருவர் முன்பாதியைச் சொன்ன பிறகு மற்றவர்கள் பதிலாகச் சொல்லும் பின்பாதியில் இரண்டும் மோதிக்கொள்கின்றன. சின்னவன் மூன்றாம் பத்துமணியில் தூங்கிவிடுகிறான்.

செபமாலையை விட்டுவிட யாருக்கும் மனமில்லை. எவ்வளவு நேரம் எடுத்தால் சரி, எங்கே திருத்த வேண்டும் என்று சொல்லுங்கள். "மெதுவாகச் சொல்லுங்கள்" என்பதை மட்டும் சொல்ல வேண்டாம். சொல்லிப் பார்த்தாயிற்று, இரண்டு நாள்தான் நிற்கிறது.

உபதேசியார்:

மரியே வாழ்க, சகோதரி. முதலில் கணக்கு பார்த்துவிடலாம். அருள் நிறைந்த மந்திரத்தை ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்படி, இழுக்காமல் சொன்னால் முன்பாதியும் பின்பாதியும் சேர்ந்து சுமார் 15 வினாடி. ஐந்து பத்துமணிக்கு 50 மந்திரம். அதற்கு மட்டுமே 12 நிமிடத்துக்கு மேல் வேண்டும். நீங்கள் முழுச் செபமாலையையும் அந்த நேரத்துக்குள் அடைக்கிறீர்கள். விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரங்கள், திரித்துவப் புகழ், "ஓ என் இயேசுவே" எல்லாவற்றையும் கழித்தால் ஒரு அருள் நிறைந்த மந்திரத்துக்கு 9 அல்லது 10 வினாடிதான் மிஞ்சும். அடக்கமாகச் சொன்னால் மொத்தம் 20 முதல் 22 நிமிடம் ஆகும். அதற்குமேல் இழுக்கத் தேவையில்லை; இழுத்தால் பிள்ளைகளுக்கு மூச்சும் பொறுமையும் போய்விடும்.

அந்த ஐந்து வினாடி எங்கே தொலைகிறது? சொற்களை வேகமாகச் சொல்வதால் போவது கொஞ்சம்தான். பெரும்பகுதி போவது இணைப்பில். முன்சொல்பவர் "உம்முடைய திருவயிற்றின் கனியாகிய" என்று வரும்போதே பதில் சொல்பவர்கள் மூச்சை இழுத்து "தூய மரியே" என்று தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் "இறப்பின் வேளையிலும்" என்று சொல்லும்போதே முன்சொல்பவர் அடுத்த "அருள் நிறைந்த" தொடங்கிவிடுகிறார். இன்று இரவு சொல்லாமல் ஒரு பத்துமணி மட்டும் கேட்டுப் பாருங்கள். எந்தச் சொல் மற்றவர் குரலுக்கு அடியில் மூழ்குகிறது என்று தெரியும். "இயேசுவும்" என்ற சொல்தான் மூழ்குகிறது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் (ஜான் பால்) 2002 அக்டோபர் 16 அன்று செபமாலை பற்றி எழுதிய திருத்தூது மடலில், இந்த மந்திரத்தின் ஈர்ப்பு மையமே இயேசுவின் பெயர்தான், அவசர அவசரமாகச் சொல்லும்போது அதைத்தான் கவனிக்காமல் விடுகிறோம் என்கிறார். ஐம்பது முறை சொல்லி ஐம்பது முறையும் அந்தப் பெயர் காதில் விழவில்லை என்றால் மனம் எதைப் பிடித்து நிற்கும்?

"மெதுவாக" என்ற கட்டளை வேலை செய்யாததற்குக் காரணம், ஐந்து பேர் சேர்ந்து சொல்லும்போது வேகத்தை முடிவு செய்பவர் அவசரக்காரர் ஒருவரே. மற்றவர்கள் அவரோடு இழுபடுவார்கள். ஆகவே வேகத்தைத் தொடாதீர்கள். காத்திருக்கும் இடங்கள் இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்:

பதில் சொல்பவர்கள், "ஆசீர்வதிக்கப்பட்டவரே" என்பதில் "ரே" விழுந்த பிறகே வாய் திறக்க வேண்டும்.
முன்சொல்பவர், எல்லார் "ஆமென்"னும் அடங்கிய பிறகே அடுத்த மணியைத் தொட வேண்டும். தொட்ட பிறகு சொல்வது, சொல்லிக்கொண்டே தொடுவது இல்லை.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு வினாடிதான். 50 மந்திரத்துக்கு 100 வினாடி, அதாவது இரண்டு நிமிடம்கூட அதிகமாகாது. ஆனால் மந்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது நின்றுவிடும். அது நின்றால் வேகம் தானாகவே இறங்கும், யாரும் யாரையும் துரத்துவதில்லையே. முதல் வாரம் முன்சொல்பவர் முன்பாதியை இரண்டு மூச்சில் சொல்லட்டும். "நீரே" என்பதில் ஒரு மூச்சு, பிறகு "உம்முடைய". ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பவருக்குக் கடைசியில் மூச்சு குறைந்து, அந்தப் பெயர் முணுமுணுப்பாகப் போய்விடும்.

அடுத்தது, எந்த மறையுண்மை என்பது மறந்துபோவது. அதே திருத்தூது மடல், இயேசுவின் பெயரோடு அன்றைய மறையுண்மையைச் சொல்லும் ஒரு சிறு தொடரைச் சேர்க்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அது போற்றத்தக்கது என்கிறது. ஜெர்மன் பேசும் நாடுகளில் வழக்கமாக இப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே தொடர் பெயருக்குப் பின்னால் வரும். தமிழில் நம் இலக்கணமே இதற்கு வாகாக இருக்கிறது, பெயருக்கு முன்னால் வைத்தால் போதும். வெள்ளிக்கிழமை துயர மறையுண்மைகளுக்கு இப்படி:

"உம்முடைய திருவயிற்றின் கனியாகிய, எங்களுக்காக இரத்த வியர்வை சிந்திய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே."

இரண்டாவதில் "எங்களுக்காகக் கற்றூணில் அடிபட்ட", மூன்றாவதில் "எங்களுக்காக முள்முடி சூடிய", நான்காவதில் "எங்களுக்காகச் சிலுவை சுமந்த", ஐந்தாவதில் "எங்களுக்காகச் சிலுவையில் உயிர்விட்ட". மகிழ்ச்சி மறையுண்மைகளுக்கு "நீர் கருத்தாங்கிய", "எலிசபெத்தம்மாளிடம் நீர் சுமந்து சென்ற", "தொழுவத்தில் நீர் பெற்றெடுத்த", "கோவிலில் நீர் காணிக்கையாக்கிய", "கோவிலில் நீர் கண்டடைந்த". மூன்று நான்கு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. நீண்டுவிட்டால் பதில் சொல்பவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று தடுமாறும். முன்சொல்பவர் மட்டுமே சொல்ல வேண்டும், ஐந்து தொடரையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் செய்யுங்கள். துயர மறையுண்மைகளுக்கு இது மிக இயல்பாகப் பொருந்தும்.

மறையுண்மையை அறிவித்தவுடன் பரலோக மந்திரத்துக்குப் பாயாதீர்கள். ஒரே ஒரு இறைவசனம், பிறகு மூன்று மூச்சு அமைதி. கானா ஊர்த் திருமணத்துக்கு "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" (யோவான் 2:5) போதும். அந்த அமைதியில்தான் படம் மனத்தில் விழுகிறது. பத்து மந்திரமும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே போகிறது. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1974இல் எழுதியது இதைப் பற்றித்தான்: தியானமில்லாத செபமாலை உயிரில்லாத உடல்.

இவ்வளவுக்கும் பிறகு பராக்கு வரும். வரட்டும். பராக்கைத் துரத்திக்கொண்டு போவது அதன் வலையிலேயே விழுவது, இதயத்துக்குத் திரும்பி வந்தால் போதும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2729) சொல்கிறது. கைவிரலில் மணி எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே தொடருங்கள். தவறவிட்ட மந்திரங்களைத் திரும்பச் சொல்லாதீர்கள். அது மனக்குழப்பத்தில் கொண்டுபோய் விடும்.

பழைய செபப்புத்தகம்:

உபதேசியார் ஐயா இணைப்பைப் பற்றிச் சொன்னது முக்கியம். நான் இரண்டு பாடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மோதல் வருவது முன்பாதியில் இல்லை, அதை ஒருவர்தானே சொல்கிறார். பின்பாதியில் ஒருவர் "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று போக, இன்னொருவர் "தூய மரியே, இறைவனின் தாயே" என்று போகிறார். பழையது நீளம், புதியது குட்டை. "மரண நேரத்திலும்" என்று அம்மா சொல்லி முடிக்கும் முன்பே பிள்ளைகள் "ஆமென்" சொல்லிவிடுவார்கள். பெரியவர்கள் அதைத் தங்களை அவசரப்படுத்துவதாக எடுத்துக்கொள்வார்கள். மனத்தாங்கல் அங்கேதான் தொடங்கும்.

சட்டம் ஒன்று வையுங்கள்: முன்சொல்பவர் எந்தப் பாடமோ, அந்தப் பத்துமணிக்கு எல்லாரும் அதே பாடத்தில் பதில். மாமியாருக்கு ஒரு பத்துமணி, பிள்ளைக்கு ஒரு பத்துமணி. பழைய பின்பாதியைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். "பிரியதத்தம்" என்றால் கடவுள் பிரியத்தோடு தரும் கொடை, அதாவது அருள் என்று ஒருமுறை சொல்லிக்கொடுங்கள், அந்தச் சொல் அவர்களுக்கு இனிக்கும். ஒரே மந்திரத்துக்குள் இரண்டையும் கலக்க மட்டும் வேண்டாம். "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று தொடங்கினால் "பரிசுத்த ஆவிக்கும்" என்றே முடியட்டும்.

தயவுசெய்து மாமியாரைப் புதிய பாடத்துக்கு மாற்றாதீர்கள். எழுபது வயதுக்கு மேல் நினைவு தளரும்போது கடைசிவரை நாவில் நிற்பது சிறுவயதில் படித்த செபம்தான். நாளை அவர் படுக்கையில் இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து சொல்ல, பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று: வியாழக்கிழமை அவர் "சந்தோஷ தேவ இரகசியம்" என்று தொடங்கினால் அது தவறு இல்லை. 2002க்கு முன் திங்கள், வியாழன் மகிழ்ச்சி. செவ்வாய், வெள்ளி துயரம். புதன், சனி, ஞாயிறு மகிமை. இப்போதைய வரிசையில் திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறையுண்மைகளைச் சேர்ப்பது அவரவர், அந்தந்தக் குழுவின் விருப்பத்துக்கு விடப்பட்டது என்று அந்த மடலிலேயே இருக்கிறது. ஆனாலும் விட்டுவிடாதீர்கள் என்பது என் கருத்து. திருமுழுக்கு, கானா, இறையாட்சி அறிவிப்பு, உருமாற்றம், நற்கருணை என்று ஆண்டவரின் பொதுவாழ்வு முழுவதும் அந்த ஐந்தில்தான் வருகிறது.

மாலைமணி:

நன்றி ஐயா, இருவருக்கும். நேற்று ஒரு பத்துமணி கேட்டுப் பார்த்தேன். உண்மைதான், பத்தில் ஏழு முறை "இயேசுவும்" என்பது எங்கள் "தூய மரியே"க்கு அடியில் போய்விட்டது. மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. பிள்ளைகள் விஷயமும், பின்னால் வரும் செபங்கள் விஷயமும் யாராவது சொல்லுங்களேன். வாரத்தில் இரண்டு நாள் கணவருக்கு இரவுப் பணி. அவர் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஞாயிறு மறைக்கல்வி:

அக்கா, 6 வயதுப் பிள்ளைக்கு இரவு 8.30 பிந்திய நேரம். சாப்பாட்டுக்கு முன்னால் கொண்டு வாருங்கள், 7.15 அல்லது 7.30. வயிறு நிறைந்த பிறகு மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரே தாளத்தில் 50 முறை ஒரு மந்திரத்தைக் கேட்டால் தூங்காத குழந்தை கிடையாது. அது பக்திக் குறைவு ஆகாது.

முதல் பத்துமணியை அவனிடம் கொடுங்கள். விழிப்பாக இருக்கும் நேரம் அதுதான். முன்பாதி மட்டும் சொல்லட்டும், விரலால் மணியைத் தள்ளட்டும். சங்கிலி மாலை அவன் கையில் சிக்கிக்கொள்ளும், கண்ணி விட்டுப்போகும். நூலில் முடிச்சுப் போட்ட மாலை கொடுங்கள், இழுத்தாலும் அறாது. எண்ணிக்கை தவறி ஒன்பதோ பதினொன்றோ ஆனால் திருத்த வேண்டாம். மூன்றாம் பத்துமணிக்குப் பிறகு அவனை அனுப்பிவிடலாம், நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து அனுப்புங்கள். "தூங்கினாயா, மறுபடி முதலில் இருந்து" என்று ஒருபோதும் வேண்டாம். செபம் தண்டனையாகிவிட்டால் பிறகு மீட்பது மிகவும் கடினம்.

பெரியவளுக்கோ பெரியவனுக்கோ இறைவசனம் வாசிக்கும் பொறுப்பு. அந்தந்த நேரத்தில் திருவிவிலியத்தைப் புரட்டித் தேடவிட்டால் ஒவ்வொரு பத்துமணிக்கும் ஒரு நிமிடம் போகும், எல்லாரும் நெளிவார்கள். 20 மறையுண்மைக்கும் 20 வசனம், நான்கு அட்டையில் அந்தப் பிள்ளையே எழுதட்டும். மகிழ்ச்சிக்கு லூக்கா 1:38, 1:42, 2:7, 2:30, 2:49. எல்லாம் இரண்டு அதிகாரத்துக்குள் இருப்பதால் அங்கிருந்து தொடங்குவது எளிது. "நான் ஆண்டவரின் அடிமை, உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்" போல ஒரு வரி போதும், பத்தி முழுவதும் வேண்டாம்.

முழுநேரமும் முழந்தாளில் வைக்காதீர்கள். பாயில் உட்காரட்டும், கிருபை தயாபத்துக்கு மட்டும் எல்லாரும் முழந்தாளில். டிவியைச் செபத்துக்குப் பத்து நிமிடம் முன்பே நிறுத்துங்கள். நிறுத்தியவுடன் தொடங்கினால் முதல் இரண்டு பத்துமணி தொடரின் கதையிலேயே போய்விடும். யூடியூபில் செபமாலை ஓடவிட்டுப் பதில் சொல்வது, தனியாக இருப்பவர்களுக்கு நல்ல துணை. குடும்பமாக இருக்கும் வீட்டில் அதைச் செய்தால் பிள்ளைகள் முன்சொல்லப் பழகவே மாட்டார்கள்.

மரியாயின் சேனை:

பின்னால் வரும் செபங்களுக்கு வருகிறேன். சகோதரி, உங்கள் வீட்டில் தலையைவிட வால் நீளமாகிவிட்டது. 12 நிமிடச் செபமாலைக்கு 15 நிமிட வால். பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிவதால்தான் முன்னால் ஓடுகிறார்கள். வாலை வெட்டாமல் வேகம் குறையாது.

மாதா மன்றாட்டுமாலை செபமாலையின் பகுதி கிடையாது. சேர்த்துச் சொல்வது அழகான வழக்கம், கட்டாயம் இல்லை. சனிக்கிழமைக்கும் மாதா திருநாட்களுக்கும் மே, அக்டோபர் மாதங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லும் நாளில் ராகத்தோடு பாடுங்கள். 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் மூன்று புகழ்மொழிகளைச் சேர்த்தார்: இரக்கத்தின் தாயே, எதிர்நோக்கின் தாயே, புலம்பெயர்ந்தோரின் ஆறுதலே என்ற பொருளில். பழைய புத்தகத்தில் இருக்காது, ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சூசையப்பர் செபத்தைத் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் (லியோ) 1889இல் அக்டோபர் மாதச் செபமாலையோடு சேர்க்கச் சொன்னார். புதன்கிழமைக்கு அதை வைக்கலாம், அந்தோனியாருக்குச் செவ்வாய். இறந்தவர்களுக்கான செபம் மட்டும் தினமும் இருக்கட்டும். "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்ற அந்த ஒரு வரிக்குப் பத்து வினாடி. மாமியாருக்கு அது தினமும் வேண்டியிருக்கும்.

கருத்துகளைச் செபமாலைக்குப் பின்னால் அடுக்காமல் ஒவ்வொரு பத்துமணிக்கும் முன்னால் ஒன்று வையுங்கள். "பக்கத்து வீட்டு அக்காவின் அறுவை சிகிச்சைக்காக" என்று பெயர் சொல்லி வைத்தால் அந்தப் பத்து மந்திரமும் அவருக்காகவே போகும். "எல்லா நோயாளிகளுக்காகவும்" என்ற பொதுச் சொல்லில் யார் முகமும் வருவதில்லை.

கணவர் இல்லாத இரவில் காத்திருக்க வேண்டாம். வழக்கமான நேரத்தில் நீங்கள் சொல்லுங்கள், அவர் பேருந்தில் தன் விரலில் எண்ணிக்கொண்டு சொல்லட்டும். பத்துமணிகளைப் பிரித்து, காலையில் இரண்டு, இரவில் மூன்று என்றும் சொல்லலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. குடும்பமாகச் சேர்ந்தோ கோவிலிலோ சொல்லும் செபமாலைக்குப் பரிபூரண பலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்குரிய தண்டனை முழுவதும் நீங்குதல்; இப்போது நிறைபேறுபலன் என்கிறார்கள்) பெற வேண்டுமானால் ஐந்து பத்துமணியும் இடைவிடாமல் தொடர வேண்டும், மறையுண்மைகளைத் தியானிக்க வேண்டும், சேர்ந்து சொல்லும்போது அவற்றை அறிவிக்க வேண்டும். கூடவே வழக்கமான நிபந்தனைகள்: பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம், எந்தப் பாவத்தின் மீதும் பற்று இல்லாத மனம். பாவசங்கீர்த்தனம் அதே நாளில்தான் என்று இல்லை, சில நாள் முன்னும் பின்னும் இருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு பரிபூரண பலன்தான். அறிவிப்பையும் தியானத்தையும் திருச்சபை இவ்வளவு கவனமாகக் கேட்கிறது என்பதைப் பார்த்தாலே, ஓட்டமாக ஓடுவதில் எதை விட்டுவிடுகிறோம் என்று தெரிகிறது.

மாலைமணி:

மிகவும் நன்றி. கடைசியாக ஒன்று. தேர்வு நாள், விருந்தாளி வந்த நாள், உண்மையிலேயே பத்து நிமிடத்துக்கு மேல் கிடைக்காத இரவுகளில் என்ன செய்வது? அன்றைக்கு மட்டும் ஓடலாமா?

உபதேசியார்:

ஓட வேண்டாம். ஐந்தை ஓட்டிச் சொல்வதைவிட இரண்டு பத்துமணியை ஒழுங்காகச் சொல்லுங்கள். சிலுவை அடையாளம், மறையுண்மை, வசனம், மூன்று மூச்சு, பத்து மந்திரம், திரித்துவப் புகழ். ஒரு பத்துமணிக்கு நாலு நிமிடம் கணக்கு வையுங்கள். முன்னுரைச் செபங்களை அன்றைக்கு விட்டுவிடலாம். அன்றைக்குரிய ஐந்து மறையுண்மையில் எந்த இரண்டு என்பதைச் சின்னவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.